பத்திரத்தில் இல்லாத ஓடை

மிஷினைக் கீழே வைக்காதீர்கள் பாய். அந்த ஸ்டூல்மேல் வையுங்கள். கரண்டு சாமான், தரையில் ஈரம் இருக்கிறது. ஈரம்தான். தண்ணீர் என்று தெருமுனையில் சொல்லியிருப்பார்கள், அதையெல்லாம் நம்பாதீர்கள். நீங்களே நின்று பாருங்கள், உள்ளங்கால்தானே நனைகிறது? கணுக்கால் நனைந்தால் தண்ணீர். உள்ளங்கால் நனைந்தால் ஈரம்.

உட்காருங்கள். காலை அந்தப் பலகைமேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். டீ போடுகிறேன். தரையை உடைக்கிறதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம். உங்களை யார் அனுப்பினது? சோணைமுத்துவா? அக்காவா? எந்த அக்கா? ராக்கம்மாள் அக்காவா?

சரி.

அந்த அக்கா என் மனைவிதான். இப்போது இந்த வீட்டில் இல்லை. கண்மாய்க்கரையில் அவள் தம்பி சோணைமுத்து வீடு இருக்கிறது, அங்கே போய் இருபத்து மூன்று நாளாகிறது. "ஹால ஒடச்சுத் தண்ணிக்கு வழி விட்டாருன்னு காதுல விழட்டும், அன்னைக்கே வந்துர்றேன். இல்லாட்டி பொங்கலுன்னாலும் சரி, தீவாளின்னாலும் சரி, வரமாட்டேன்" என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. இருக்கட்டும். நானும் பொங்குவேன். அரிசியும் வெல்லமும் என் பேச்சையும் கேட்கும்.

அவள் உங்களுக்கு வேலை சொல்லலாம். ஆனால் வீடு என் பெயரில் இருக்கிறது. நான் சொல்லாமல் ஒரு டைல்ஸில் உங்கள் மிஷின் பட்டாலும் அது அத்துமீறல். பயமுறுத்தவில்லை பாய். சட்டத்தைச் சொன்னேன்.

முப்பத்தொரு வருஷம் கோர்ட் அமீனா நான். சம்மன் கொடுக்கிற வேலை. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டில் இரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற வேலை. இந்த வட்டாரத்தில் நான் ஒட்டாத கதவு குறைவு. நாயை அவிழ்த்து விட்டவர்கள் உண்டு, வெந்நீரை ஊற்றியவர்கள் உண்டு. ஒரு நாளும் ஒட்டாமல் திரும்பியது இல்லை. அப்படிப்பட்டவன் ஒரு மனை வாங்கினால் சும்மா வாங்குவானா?

எட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன். மூலப்பத்திரம் பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். பட்டா, அடங்கல், புலப்படம், ஒன்று விடவில்லை. சர்வேயர் ஆபீசில் நானே நின்று நகல் வாங்கினேன். எந்தக் காகிதத்திலும் ஓடை என்று ஒரு வார்த்தை கிடையாது. இன்றைக்கும் எடுத்துக் காட்டுவேன். ஓடை இல்லை என்றால் இல்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான் சோணைமுத்து. அவன் இந்தக் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறக்கிறது, மூடுகிறது, யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பார்க்கிறது எல்லாம் அவன்தான். அவனுக்கு முன்னால் அவன் அப்பா, அதாவது என் மாமனார். அறுப்பு முடிந்தால் வயலுக்கு இத்தனை கட்டு நெல் என்று கொடுப்பார்கள். நல்ல பையன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே பேசுவது, எங்கே பேசக்கூடாது என்று தெரியாது. பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, கொத்தனார் கையில் கடப்பாரையைக் கொடுக்கிறேன், அந்த நேரம் பார்த்து வந்து நிற்கிறான்.

"மச்சான், வீட்ட ஒரு அஞ்சடி தள்ளிப் போடுங்களேன். இல்லாட்டி அடியில ஒரு குழாயாச்சும் விட்டுட்டுக் கட்டுங்க. வயலுக்குப் பாஞ்சது போக மிச்சம் வடியுற பாதை இது."

"ஏன் மாப்ள, எந்தப் பேப்பர்ல இருக்கு? காட்டு" என்றேன்.

அவன் காட்டினான். எதைக் காட்டினான் தெரியுமா? தரையைக் காட்டினான். இப்படிக் காலால் ஒரு கோடு இழுத்து, "இந்தா, இப்படி வந்து இப்படிப் போகும்" என்கிறான். தரை ஒரு ஆவணமா பாய்? அதில் சீல் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா? வந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

"தண்ணி வந்து பன்னெண்டு வருசமாச்சுடா" என்றேன்.

"வருசம் பன்னெண்டுதான் மச்சான். பாதை அதுக்கு முன்னாடியே இருக்கு" என்றான்.

அதற்குமேல் அவனோடு நான் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. ஏதாவது விசேஷம் என்றால் "வாப்பா", "சாப்பிட்டியா" அவ்வளவுதான்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். மனையில் ஒரு பள்ளம் இருந்தது. மனை என்றால் மேடும் பள்ளமும் இருக்கத்தானே செய்யும்? மூன்று டிராக்டர் சவுட்டு மண் அடித்து மட்டம் பண்ணினேன். பள்ளத்தில் கோரை மண்டிக் கிடந்தது, அதைப் பிடுங்கவே இரண்டு ஆள் ஒரு நாள் முழுக்க வேலை செய்தார்கள். உடனே "கோரை தண்ணி ஓடுற இடத்துலதான மொளைக்கும்" என்பீர்கள். கோரை எங்கேயும் முளைக்கும் பாய். கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டில்கூட முளைத்திருக்கிறது.

சர்க்கரை போதுமா? கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கீழே வைத்தால் சாயும். தரை ஒரு மட்டமாக இல்லை இப்போது.

ஏழு வருஷம் ஒரு தொந்தரவு கிடையாது. வெள்ளை டைல்ஸ், கண்ணாடி மாதிரி. சோணைமுத்து எப்போதாவது வந்தால் அவனை ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். வேண்டுமென்றேதான். "தரை எப்படி மாப்ள?" என்பேன். "நல்லா இருக்கு மச்சான்" என்பான். ராக்கம்மாள் அடுப்படியில் இருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

இந்த வருஷம் ஐப்பசியில் பிடித்தது பாருங்கள் மழை. கண்மாய் நிரம்பி, கலுங்கில் வழிந்து, ஊரே கரையில் நின்றது. மடை திறக்கிற அன்றைக்கு ராக்கம்மாளும் போனாள். அவள் அப்பாவுக்குப் பிறகு நிறைந்த கண்மாயைப் பார்க்கவில்லையாம். குலவை போட்டாள். அதோடு விட்டாளா? முதல் தண்ணீரை ஒரு செம்பில் பிடித்துக்கொண்டு வந்து வீடு முழுக்கத் தெளித்தாள். நான் கேட்கிறேன், தண்ணீரை வீட்டுக்குள் முதலில் கூப்பிட்டது யார்? நானா? இதை அவளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

அதற்கு ஒன்பதாம் நாள் அடுப்படிப் பக்கம் ஒரு டைல்ஸ் மிதித்தால் டொப் என்றது. அப்புறம் இடுக்குகளில் வியர்த்த மாதிரி ஒரு கோடு. துடைத்தால் போகும், ஒரு மணி நேரத்தில் திரும்ப வரும். அப்புறம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்து நாற்காலியை முன்னால் இழுக்கிறேன், புளிச்சென்று இடுக்கிலிருந்து பீய்ச்சி என் இலையில் விழுகிறது. ரசத்துக்கு முன்னால் தண்ணீர்.

ராக்கம்மாள் பதறவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். சாக்கை விரித்தாள், கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தாள், அரிசி மூட்டையைப் பலகைமேல் ஏற்றினாள். மழைக்கு ஒதுங்கின விருந்தாளி வந்த மாதிரி ஒவ்வொன்றாகச் செய்கிறாள்.

"வழிய அடச்சுட்டா அது எங்கதான் போகும், பாவம்" என்றாள்.

"யாருடி பாவம்?"

"தண்ணிதான்."

கேட்டீர்களா? கட்டின புருஷன் ஈர வேட்டியோடு நிற்கிறான். தண்ணீர் பாவமாம்.

"ஹாலுக்கு நடுவுல ஒரு வரி ஒடச்சு, குழாயப் போட்டுத் தெருச் சாக்கடையில விட்டுட்டா போச்சு. மேல பூசிக்கலாம். எங்கப்பா இருந்தா ஒரு நாளு வேல" என்றாள்.

"உங்கப்பா இருந்தா அவர் வீட்ட ஒடச்சிக்கட்டும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ? தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் உடைக்கிறவன் முட்டாள். சாட்சி இல்லாமல் தீர்ப்பா? நான் முறையாக விசாரித்தேன். முதல் சந்தேகம் பக்கத்து வீடு. ஜெயசீலன் சார், ரோஸ்லின் டீச்சர். அவர்களுடைய செப்டிக் டேங்க் என் சுவரிலிருந்து ஏழடி. கசிவு இருந்தால் சாயம் போட்டால் தெரிந்துவிடும். ஒரு பாட்டில் சொட்டு நீலம் வாங்கிக்கொண்டு, அவர்கள் சர்ச்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்து, மூடியைத் தூக்கி ஊற்றினேன். டீச்சர் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள்.

"என்ன அமீனாய்யா, எங்க வீட்டுக் கக்கூசுக்கு வெள்ளாவி வைக்கிறீங்களா?"

"விசாரணை டீச்சர்" என்றேன்.

"நல்லா விசாரிங்க. முடிஞ்சதும் மூடிய ஒழுங்கா வச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலு நாள் பார்த்தேன். நீலம் வரவில்லை. நீலம் வராததால் அவர்கள் நிரபராதி என்று ஆகிவிடாது, மண் வடிகட்டியிருக்கலாம். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்து மாநகராட்சிக் குழாயை மூன்று நாள் பூட்டிப் பார்த்தேன். குறையவில்லை. அப்புறம் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். போர்த் தண்ணீர் இங்கே உப்புக் கரிக்கும். இது கரிக்கவில்லை. சப்பென்று, கொஞ்சம் சேற்று வாசனையோடு இருந்தது.

அதற்கு மறுநாள் ஒரு மீன் வந்தது.

சிரிக்காதீர்கள் பாய், டீ புரையேறும். அடுப்படி மூலையில் ஒரு டைல்ஸ் பெயர்ந்து உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அதில் ஓர் அயிரை. சுண்டுவிரல் நீளம், மீசையோடு. அது பாட்டுக்கு நீந்துகிறது. ராக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பேசியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அயிரை கண்மாய்ச் சேற்றில் கிடக்கிற மீன், அது எனக்கும் தெரியும். ஆனால் சந்தையில் அயிரையை உயிரோடுதானே விற்கிறார்கள்? பக்கத்து வீட்டில் யாராவது வாங்கிக் கழுவும்போது ஒன்று நழுவியிருக்கும். ரோஸ்லின் டீச்சரிடம் கேட்டேன். "நாங்க கடல் மீனுதான்யா வாங்குறது" என்றார்கள். சொல்லத்தானே செய்வார்கள்.

ராக்கம்மாள் அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து, பின்பக்கச் சுவர் தாண்டிக் காலி மனையில் தேங்கிக் கிடக்கிற தண்ணீரில் விட்டாள். ஆமாம், சுவருக்கு அந்தப் பக்கம் தேங்கித்தான் கிடக்கிறது. முழங்கால் அளவு. வயல் பக்கமிருந்து வந்து என் சுவரில் முட்டி நிற்கிறது. அது மழைத்தண்ணீர்.

விசாரணை முடிந்தது. பரிகாரம் வேண்டாமா? கார்த்திகையில் பத்து நாள் வெயில் கிடைத்தது. ஒரு கொத்தனாரைப் பிடித்து, பழைய டைல்ஸ்மேலேயே கலவை போட்டு, மருந்து பூசி, அதன்மேல் புது டைல்ஸ் ஒட்டினேன். இரண்டரை இஞ்ச் உயரம். கதவு திறக்கவில்லை, கதவின் அடியை அறுத்தேன். கொத்தனார் போகும்போது சொன்னான்: "அய்யா, இனிமே தண்ணி வந்தா ஏணி வச்சுத்தான் வரணும்." பன்னிரண்டாம் நாள் வந்தது. ஏணி வைக்காமல்தான் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் உடைத்தாலும் இரண்டு தளம் உடைக்கணும். அக்கா அதைச் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. அப்படியென்றால் யாரோ விடுகிறார்கள். யார் கையில் மடை இருக்கிறது? சோணைமுத்து கையில். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் தண்ணீர் வரும் என்று சொல்கிறான், எட்டு வருஷம் கழித்து அவனே திறந்துவிடுகிறான். தன் சொல்லை நிரூபிக்கச் செய்கிற வேலை இது. கோர்ட்டில் இதற்குப் பெயர் உள்நோக்கம்.

உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினேன். மூன்று நகல். "மேற்படி இரண்டாம் எண் மடையை நோட்டீஸ் கண்ட மூன்று தினங்களுக்குள் அடைத்து வைக்க வேண்டியது. தவறினால் ஏற்படும் சகல சேதாரங்களுக்கும் தாங்களே பொறுப்பு." நல்ல நோட்டீஸ். வக்கீல் எழுதியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஓய்வு பெற்ற அமீனா ஒட்டினால் செல்லாது, அது எனக்குத் தெரியாதா? ஆனால் கதவில் ஒட்டின காகிதத்துக்கு ஒரு பயம் உண்டு. முப்பத்தொரு வருஷம் அந்தப் பயத்தைப் பார்த்திருக்கிறேன்.

ராக்கம்மாளிடம் கொஞ்சம் பசை காய்ச்சச் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். "ஒட்டத்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை. உப்பின கதவுக்கு ஏதோ காகிதம் ஒட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பாள். மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, கட்டி தட்டாமல் காய்ச்சினாள். முப்பத்தொரு வருஷமும் எனக்குப் பசை காய்ச்சினது அவள்தான். கோர்ட்டில் கொடுக்கிற பசை வெயிலில் உரிந்துவிடும். அவள் காய்ச்சினால் காகிதம் கிழியுமே தவிர உரியாது.

போய் ஒட்டிவிட்டு வந்தேன். சோணைமுத்து வீட்டில் ஆள் இல்லை, எல்லாரும் வயலில். நடுக்கதவில், கண் மட்டத்துக்கு, நாலு மூலையும் நீவி.

மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குப் பால் வாங்கப் போனவள் காலிச் செம்போடு திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை.

"அது எங்கப்பா இழைச்சு மாட்டுன கதவு" என்றாள்.

"கதவு கதவுதான் ராக்கு. நான் ஜட்ஜோட சித்தப்பா வீட்டுக் கதவுலயே ஒட்டியிருக்கேன்."

"என் கையாலயே காய்ச்ச வச்சிட்டீங்கள்ல?"

"நல்லா ஒட்டிச்சு" என்றேன். அது உண்மை. அவளைப் பாராட்டித்தான் சொன்னேன் பாய். இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். நான் சொன்னேனே, தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனாள் என்று, அது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் சோணைமுத்து வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். கையில் என் நோட்டீஸ். கதவிலிருந்து வரவில்லையாம், தண்ணீர் தொட்டுத் தொட்டு ஊற வைத்து எடுத்திருக்கிறான். பாதி கிழிந்திருந்தது.

"படிச்சுச் சொல்லுங்க மச்சான். கோர்ட்டு எழுத்து எனக்கு வெளங்கல."

என் நோட்டீஸை அவனுக்கு நானே படித்தேன். நின்றுகொண்டு, முழுக்க, கிழிந்த இடத்தை மனப்பாடமாகச் சொல்லிப் படித்தேன். "மேற்படி"க்கு அர்த்தம் கேட்டான், சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மடைய அடச்சா அறுபது ஏக்கரு காயும். நாத்து நட்டு, கதிரு பொதி கட்டுற நேரம். தெறந்தா ஒங்க வீடு நனையுது. நீங்க கோர்ட்டுல இருந்தவரு, நீங்களே தீர்ப்பச் சொல்லுங்க மச்சான். எதைக் காய விடட்டும்?"

"அது உன் பொறுப்பு" என்றேன்.

"சரி மச்சான்" என்று போய்விட்டான்.

அதற்கடுத்த வாரம் என்ன நடந்தது தெரியுமா? தண்ணீர் குறைந்தது! தரை காய்ந்தது! இடுக்கில் துணியை வைத்துப் பார்க்கிறேன், ஈரமே இல்லை. என்னவென்று விசாரித்தால், மடையைப் பாதிதான் திறந்து வைத்திருக்கிறான். கடைமடைக்காரர்கள் டீக்கடையில் வைத்து அவனை வைதிருக்கிறார்கள். "ஒங்க அக்கா புருசனுக்காக எங்க பயிரக் காயப் போடுறியாடா?" என்று சட்டையைப் பிடிக்கப் போயிருக்கிறார்கள். இவன், "இல்லண்ணே, மடைப்பலகை எறுகிக்கிச்சு, மேல ஏற மாட்டேங்குது" என்று சொன்னானாம். ஆறு நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தானாம். டீக்கடைக்காரர்தான் என்னிடம் சொன்னார். நோட்டீஸ் வேலை செய்துவிட்டது, பயந்துவிட்டான் என்று சொன்னேன். டீக்கடைக்காரர் எனக்குக் கொடுத்த டீயைத் திரும்ப வாங்கிக் கீழே ஊற்றினார். ஈ விழுந்திருக்கும்.

ஏழாம் நாள் ஊர்க்காரர்கள் வந்து நின்று பலகையை முழுக்கத் தூக்க வைத்தார்கள். எட்டாம் நாள் திரும்ப ஈரம். பாதி திறந்தால் காய்கிறது, முழுக்கத் திறந்தால் நனைகிறது, அதனால் ஓடை இருக்கிறது என்று சொல்லவருகிறீர்கள். அப்படியெல்லாம் அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது பாய். அந்த ஆறு நாளும் நல்ல வெயில்.

நான் அவளைப் போய்க் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் வேறு வேலையாக ஒரு மூன்று தடவை போனேன். வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"புது டைல்ஸ் எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"அப்ப அதோடயே குடும்பம் நடத்துங்க."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து நடந்து வந்துவிட்டேன். கூப்பிட்டால் வருவாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் தரை ஈரமாக இருக்கும்போது கூப்பிட்டால் அது நான் தோற்ற மாதிரி. தரையை உடைத்துவிட்டுக் கூப்பிட்டால் அது சோணைமுத்து ஜெயித்த மாதிரி. இரண்டும் இல்லாமல் ஒரு வழி இருக்கும். யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்து மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒரு ஆள் சமையலுக்கு உப்பு எவ்வளவு என்றுதான் பிடிபடவில்லை, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

என்ன பாய், எழுந்துவிட்டீர்கள்? கிளம்புகிறீர்களா?

நான் உடைக்க வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லையே. கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றுதானே சொன்னேன். சரி, உடைக்கிறதாகவே வைத்துக்கொள்வோம், ஒரு பேச்சுக்கு. எப்படி உடைப்பீர்கள்? என்ன? நாலு இடத்திலா? ஹாலில் இரண்டு, அடுப்படியில் ஒன்று, ரூமில் ஒன்று? குழி போட்டுப் பார்த்து, எங்கே தண்ணீர் வேகமாக வருகிறதோ அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போவீர்களா? வீடு முழுக்கக் குதறிப்போடுவீர்களா? இரண்டு நாள் ஆகும் என்கிறீர்கள், சரியாகப் பிடிபடாவிட்டால் மூன்று நாள். அப்புறம் பைப் போட்டு மூடி, பூச்சு காய்ந்து, பொங்கல் தாண்டிவிடுமே?

எதற்கு நாலு குழி? இது என்ன முறை? தெரியாத இடத்தில் தோண்டுகிற மாதிரி!

காதில் இருக்கிற பென்சிலைக் கொடுங்கள். கொடுங்கள் என்கிறேன்.

இங்கே பாருங்கள். பின்சுவரில் இந்த ஜன்னலுக்குக் கீழே, இடது ஓரத்திலிருந்து இரண்டு முழம். இங்கேதான் நுழையும். நேராக வராது, இந்த இடத்தில் சோற்றுக்கைப் பக்கம் ஒடியும், ஏனென்றால் இங்கே ஒரு பூவரச மரம் நின்றது. மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். கல்யாணமான புதிதில் மாமனாருக்குச் சோறு கொண்டுபோகும்போது இந்த ஒடிசலில்தான் தாண்டுவோம். அகலம் குறைவு. அவள் தூக்குச்சட்டியோடு தாண்டிவிடுவாள், நான்தான் வேட்டியை நனைத்துக்கொள்வேன். இங்கிருந்து நேர். ஹால் நடுவில், இப்படி. இப்படியே வாசலுக்கு. வாசப்படிக்கு அடியில் போய்த் தெருவில் விழும். அவ்வளவுதான். இரண்டடி அகலத்துக்கு உடைத்தால் போதும். ஒரே நாளில் முடியும்.

இருங்கள்.

கோடு என் பீரோவுக்கு அடியில் போகிறது. பத்திரம், பட்டா எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் என் கட்டில். அதைத் தாண்டினால் என் சாய்வு நாற்காலி. அவளுடைய கிரைண்டர், சாமி அலமாரி, தையல் மிஷின், பாய் விரிக்கிற இடம், எல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கி இருக்கிறது. எட்டு வருஷமாக இந்தக் கோட்டின்மேல் அவள் ஒரு சாமானும் வைத்ததில்லை போலிருக்கிறது. இன்றைக்குத்தான் பார்க்கிறேன். காற்றுக்காக அப்படி ஒதுக்கிப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பீரோவை நகர்த்தணும். காகிதம்தான் உள்ளே, ஆனால் கனம். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள், நான் இந்தப் பக்கம். ஒரு விஷயம் பாய். நான் கோடு போட்டதாக வெளியே பேச்சு வரக்கூடாது. மிஷின் கண்டுபிடித்தது என்று சொல்லுங்கள். சோணைமுத்து கேட்டாலும் மிஷின்தான். டீக்கடையில் கேட்டாலும் மிஷின்தான். அவள் கேட்டால்...

அவளிடமும் அப்படியே சொல்லுங்கள். நம்பமாட்டாள். பரவாயில்லை, சொல்லுங்கள். ம், தூக்குங்கள்.